பள்ளத்துக்கு அப்பால் இருபது மீட்டர்

ஒட்டாகோவின் உட்பகுதியில்
ஆடுகளே புல் மேய்ந்து சமப்படுத்தித் தரும்
ஒன்பது குழி மைதானம் எங்களுடையது.
காவலாள் கிடையாது.
வாயிலில் பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி.
பதினைந்து டாலரை உறையில் வைத்து
அதில் போட்டுவிட்டு ஆடப் போகலாம்.
நேர்மைப் பெட்டி என்று பெயர்.
கெல்வின் எப்போதும் இருபது போடுவான்,
பெட்டி சில்லறை தராது என்று தெரிந்தே.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அப்புறம் அவனைத் திருடன் என்று
நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

சத்தம்தான் காட்டிக்கொடுத்தது.
மே மாதம். மிதித்தால் புல் நொறுங்கும் உறைபனி.
புது டிரைவரை உருவி அவன் வீசியபோது
பிஸ்கட் டப்பா மூடி தெறித்த மாதிரி ஒரு சத்தம்.
வேலியிலிருந்த மேக்பைகள் எழுந்து பறந்தன.
வழக்கமாக நிற்கும் பள்ளத்தைத் தாண்டி
இன்னும் இருபது மீட்டர் ஓடியது பந்து,
பள்ளி விட்ட பையன் மாதிரி.

அறுபத்தெட்டு வயது அவனுக்கு.
வலது தோளுக்குள் இரண்டு திருகாணி.
"நல்லாயிருக்கே" என்றேன்.
"பெர்த்திலிருந்து மகள் அனுப்பினாள்" என்றான்,
மட்டைக்கு உறையை மாட்டிக்கொண்டே, அவசரமாக.

நான் கால்நடை லாரி ஓட்டுகிறவன்.
எடைமேடையில் முள் நடுங்குவதை
முப்பது வருஷம் பார்த்தவன்.
அன்றிரவு தேடினேன்.
மட்டையின் முகத்தகடு விதி ஒப்பும் அளவைவிட மெல்லிசு.
விற்பவனே எழுதியிருந்தான்:
போட்டிகளுக்கு அல்ல.

எங்களுடையது இணை ஆட்டம்.
இரண்டு பேர், ஒரே பந்து.
அவன் அடித்த இடத்திலிருந்து நான் அடிக்கவேண்டும்.
அந்த இடம் நல்ல இடம்.
அதுதான் சங்கடம்.
எட்டு வருஷத்தில் முதல் தடவையாக
கொடிக்கம்பம் அடிவரை தெரிந்தது எனக்கு.

மூன்று சனிக்கிழமை ஜெயித்தோம்.
பரிசு இறைச்சித் தட்டு: ஆட்டுத் தொடை, சாசேஜ், ஈரல்.
ஷோனா சுட்டுத் தந்தாள்.
இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

லாரியில் எத்தனை ஒத்திகை!
குளூதா ஆற்றுப் பாலத்தில்,
"கெல்வின், அந்த மட்டை..."
மேடேறும்போது,
"உனக்குத் தெரியுமோ என்னவோ..."
தெரியும் அவனுக்கு.
பின்னால் நூற்றைம்பது செம்மறிகள் கேட்டபடி வந்தன,
ஒன்றும் கருத்துச் சொல்லவில்லை.
செயலாளர் நோலீனிடம் போயிருக்கலாம்.
போனால் குழு கூடும், கடிதம் வரும்.
இருநூறு பேர் ஊரில்
அவன் பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம்
பேச்சு நின்றுபோகும்.

நாலாம் சனிக்கிழமை
கையெழுத்துக்காக அட்டையை நீட்டினான்.
பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
"எழுதமாட்டேங்குது" என்றேன்.
பேனா அட்டையைத் தொடவே இல்லை.
அதை அவன் பார்த்தான்.
"குளிர்" என்றான். "மை உறைஞ்சிருக்கும்."
"இருக்கும்."
நோலீன் ஜன்னல் வழியாக வேறு பேனா நீட்டினாள்.
இரண்டு பேரும் பார்த்தோம், யாரும் வாங்கவில்லை.
அட்டையை நாலாக மடித்துக்
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கார் டிக்கியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து,
"தோள், மெர்வ்" என்றான்.
"வருஷம் பூரா உன்னைப் பள்ளத்துலயே நிக்க வச்சுட்டேன்."
பள்ளம் எனக்குப் பழக்கம் என்றேன்.
வேறு நல்லதாக ஏதும் வாயில் வரவில்லை.

இப்போது புதன்கிழமையும் ஆடுகிறோம்.
அட்டை கிடையாது, பரிசு கிடையாது.
அந்த மட்டையை உருவுகிறான், டப்பா மூடி தெறிக்கிறது.
மேக்பைகள் பழகிவிட்டன.
சனிக்கிழமை பழைய மட்டை,
பள்ளம், மஞ்சள் பூத்த முட்புதர்.
கொடி இருக்கும் திசையை உத்தேசித்து அடிக்கிறேன்.
கடைசிக்கு முந்தின இடம் எங்களுக்கு.

போன வாரம் நோலீன் கேட்டாள்:
நேர்மைப் பெட்டியில் பெயரில்லாமல் இரண்டு உறை,
ஒவ்வொன்றிலும் அறுபது டாலர்,
யார் போட்டது தெரியுமா?
தெரியாது என்றேன்.
ஒரு உறையைப் பொறுத்தவரை
அது உண்மைதான்.